தேதியைப் பார்த்து நிலை சொல்லும் வாய்பாடு

ஒரு மருந்துக் கிடங்கின் இருப்புப் பட்டியல் கணிப்பொறியில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே அதன் காலாவதித் தேதி. அடுத்த கட்டத்தில் 'காலாவதி', '30 நாளில் முடியும்', 'நல்ல நிலை' ஆகிய மூன்றில் ஒன்றைக் கணிப்பொறியே எழுத வேண்டும். எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்களில் இதற்கென 'இஃப்' என்னும் நிபந்தனை வாய்பாடு உண்டு. அது தரும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம்? சற்று ஆராய்வோம்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடலாம். எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண்ணே. 1900 ஜனவரி முதல் நாள் 1. 2000 ஜனவரி முதல் நாள் 36526. எனவே இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்களை அறிய ஒரு கழித்தல் போதும். 'டுடே' என்னும் சார்பு அன்றைய நாளின் எண்ணைத் தரும். இரண்டையும் ஒப்பிட்டால் நிலை தெரிந்துவிடும். இவ்வரிசையில் 60 என்னும் எண் 1900 பிப்ரவரி 29-ஐக் குறிக்கிறது! 1900 லீப் ஆண்டு அன்று. அப்படியொரு நாளே கிடையாது. லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அதன் பிழையையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் இன்றைய தேதிகளை ஒப்பிடும் நமக்கு இதனால் தீங்கில்லை.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. தேதி எழுதப்படாத வெற்றுக் கட்டத்தை ஒப்பீட்டில் எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் இன்றைய எண்ணைவிடச் சிறியது. ஆகவே விடை 'காலாவதி'. அளக்காத அளவு வேறு, அளந்து பூஜ்யம் எனக் கண்ட அளவு வேறு என்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் சொல்கிறோம். அந்த வேறுபாடு இங்கே மறைந்துவிடுகிறது.

இதைவிடக் கொடியது மற்றொன்று. நம் நாட்டு மருந்துப் பெட்டியில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தால், அம்மாதக் கடைசி நாள்வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்று பொருள். 06/2025 என்று மட்டும் எழுதினால் எக்செல் அதை ஜூன் முதல் நாளாகக் கொள்ளும்; 29 நாள்கள் வீணாகும். கவனமுள்ள ஊழியர் 30-06-2025 என்றே எழுதுகிறார். கணிப்பொறியோ மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. முப்பதாவது மாதம் ஏது? அது தேதியாகாமல் வெறும் எழுத்துத் தொடராக நின்றுவிடுகிறது. எக்செல்லின் ஒப்பீட்டில் எந்த எழுத்துத் தொடரும் எந்த எண்ணையும்விடப் பெரியது. விளைவு? அந்த மருந்து எந்நாளும் 'நல்ல நிலை'யிலேயே இருக்கும்! எச்சரிக்கை எதுவும் எழாது. எண்கள் கட்டத்தின் வலப்புறமும் எழுத்துகள் இடப்புறமும் ஒதுங்கும் என்பதே கண்ணுக்குத் தெரியும் ஒரே குறிப்பு.

கேட்காமல் ஊகிப்பதும், ஊகிக்க முடியாதபோது வாய் திறவாமல் இருப்பதுமே இம்மென்பொருளின் பெருங்குறை. மரபணுப் பெயர்களைக்கூட இது தேதிகளாக மாற்றிக் குழப்பியதால், 2020-இல் வெளியான பெயரிடல் நெறிமுறையில் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

பழி முழுவதும் மென்பொருளையே சாராது. 'இஃப்' நிபந்தனைகளில் முதலில் பொருந்துவதே விடையாகும். '30 நாளுக்குள்ளா?' என்று முதலில் கேட்டால், என்றோ காலாவதியான மருந்தும் அதில் அடங்கிவிடும். எனவே வரிசை இவ்வாறு அமையட்டும்: கட்டத்தில் இருப்பது எண்தானா என 'இஸ்நம்பர்' சார்பால் முதலில் கேளுங்கள், இல்லையெனில் 'தேதியைச் சரிபார்' என்பது விடை. வெற்றுக் கட்டம், எழுத்துத் தொடர் இரண்டும் இங்கேயே பிடிபடும். அடுத்து, தேதி இன்றைக்கு முந்தியதா? பிறகு, இன்றிலிருந்து 30 நாளுக்குள்ளா? எஞ்சியவையே 'நல்ல நிலை'.

வாய்பாட்டை எழுதியதும் சோதித்துப் பாருங்கள். வெற்றுக் கட்டம், எழுத்துத் தொடர், நேற்று, இன்று, முப்பதாம் நாள், முப்பத்தோராம் நாள் என ஆறு வரிகள் போதும். ஆறுக்கும் சரியான விடை வந்த பிறகே மருந்துப் பட்டியலை அதனிடம் ஒப்படையுங்கள்.