பட்டியலில் இல்லாத நாச்சியார்

சிவகங்கைச் சமஸ்தானத்தின் வம்சாவளியைக் கையில் கொடுத்தால் என் மாணவிகள் முதலில் தேடுவது வேலு நாச்சியாரைத்தான். எங்கள் சின்னாளப்பட்டிப் பெண்களுக்கு இதில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, அவர் எட்டு ஆண்டுகள் அடைக்கலம் இருந்தது விருப்பாட்சி, திண்டுக்கல் பக்கம். 1780இல் ஹைதர் அலியின் படை உதவியோடு சீமையை மீட்டார். வாளேந்திய அந்தச் சிலையோடு நம் வாசிப்பு நின்றுவிடுவதுதான் என் குறை.

பட்டத்தைப் பாருங்கள். ஆணுக்குப் 'பெரிய உடையத் தேவர்'. உடைமை அந்தச் சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெண்ணுக்கு 'நாச்சியார்'. மரியாதை உண்டு, மண் இல்லை. இத்தனைக்கும் முதல் மன்னர் சசிவர்ணத் தேவர் சேதுபதி வீட்டு மருமகன். வேலு நாச்சியார் சேதுபதி மகள். அவர் மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அரசரானார். சுங்குடியில் முடிச்சுப் போட்டவள் பெயர் சேலையில் இராது; இந்த வம்சாவளியும் அப்படித்தான். சீமையில் மட்டுமா? 2013இல் அரியணை வரிசையில் மகனுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கிய இங்கிலாந்து, பிரபுப் பட்டங்களில் கை வைக்கவில்லை.

நான் பேச விரும்புவது காத்தம நாச்சியாரை. 1801இல் கம்பெனி ஜமீன்தாராக்கிய கௌரி வல்லபர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஜமீன் அண்ணன் வழி ஆண்களிடம் போனது. முதலில் விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார், பிறகு மகள் காத்தம நாச்சியார். 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் மகளுக்குத் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்களுக்குத் தெரிந்த வழக்கு இது. தமிழ்த் துறை மேடை எதிலும் நான் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

ஆனால் தீர்ப்பின் காரணம் உறுத்துகிறது. ஜமீன் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் ஆண் பங்காளிக்கு. தந்தையின் தனிச் சொத்து என்பதால் மகளுக்கு. அதாவது வேலு நாச்சியார் மீட்ட சீமை என்பது கணக்கிலேயே வரவில்லை. கம்பெனி ஒரு ஆணுக்குக் கொடுத்த சனதுதான் மகளைக் காப்பாற்றியது. அதுவும் ஆயுளுக்கு மட்டும். அவருக்குப் பின் சொத்து, அவர் வாரிசு என்ற முறையில் யாருக்கும் போகாது. தந்தையின் அடுத்த வாரிசைத் தேடிப் போகும். இந்த ஆயுள் உரிமையை முழு உரிமையாக்கியது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1948இல், சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டிருந்தது.