வென்றவரா, கடன்பட்டவரா?
புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வும் நேர்த்திக்கடன் மொழியும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவரை நம் இதழ்கள் ‘புற்றுநோயை வென்றவர்’ எனப் போற்றுகின்றன. நோயைப் போராகக் காணும் இவ்வழக்கைச் சூசன் சொன்டாக் 1978இலேயே கடுமையாக மறுத்தார். வென்றவர் ஒருவர் உண்டெனில், இறந்தவர் தோற்றவராகிறார் என்பதே இச்சொல்லின் குறை. இதற்கு மாற்றான மொழி தமிழ் வழக்கில் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க், ‘காயமுற்ற கதைசொல்லி’ எனப் பொருள்படும் தம் நூலில் (1995) நோயாளர் கூறும் கதைகளை மீட்புக் கதை, குழப்பக் கதை, தேடல் கதை என மூவகைப்படுத்துகிறார். நோய் அடங்கியிருந்தும் முற்றிலும் நலமடைந்ததாகக் கூறவியலாதோரைத் தனியொரு சமூகமாகவே அவர் காண்கிறார். இப்பகுப்பு பயனுடையது. எனினும், வேண்டுதலை மையமாகக் கொண்டு சொல்லப்படும் கதை இம்மூன்றனுள் எதில் அடங்கும் என்பது வினாவாகவே நிற்கிறது.

பினாங்கில் சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள நாகூர் தர்கா இவ்வினாவுக்குப் பொருத்தமான களமாகும். சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக இதனை எழுப்பினர். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் முருகன் கோயில்களிலும் காணப்படுவது போன்ற வேண்டுதல் மரபின் தொடர்ச்சியே இது. சமய எல்லை கடந்த இம்மரபில் இருவகைக் கடன்கள் உண்டு. முடி காணிக்கையும் உறுப்பு வடிவம் பொறித்த வெள்ளித் தகடும் பெரும்பாலும் ஒருமுறை செலுத்தித் தீர்ப்பவை. ‘உயிருள்ளவரை ஆண்டுதோறும் வருவேன்’ என்பதோ தீராத கடன்.

முதல் வகை, அம்மை கண்டவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல, நோய்க்கு ஒரு முடிவை அறிவிக்கிறது. புற்றுநோய்க்கு அத்தகைய முடிவு எளிதில் வாய்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிரியக்கமும் முடிந்த பின்னரும், இயக்குநீர் சார்ந்த வகையினர் பலர் 5 முதல் 10 ஆண்டுகள் வரை மாத்திரை உட்கொள்கின்றனர், மறுபரிசோதனையும் தொடர்கிறது. இத்தகையோரின் வாழ்வை இரண்டாம் வகைக் கடனே செம்மையாகச் சொல்கிறது எனலாம். அது வெற்றியை அறிவிப்பதில்லை. இன்னோர் ஆண்டு கிடைத்ததை மட்டுமே ஒப்புக்கொள்கிறது.

ஆயினும், இம்மொழியை ஐயமின்றி ஏற்றல் தகாது. நோய் மீளுமாயின், கடனைச் செலுத்தத் தவறியதே காரணம் எனப் பழி நோயாளர்மீதே விழக்கூடும். நன்றி கூறக் கடமைப்பட்டவர் கை வீக்கத்தையும், நீங்காத சோர்வையும், அடுத்த பரிசோதனைக்கு முந்தைய இரவின் அச்சத்தையும் சொல்லத் தயங்குகிறார். போர்மொழி தோற்றவரை உருவாக்குவதுபோல, நேர்த்திக்கடன் மொழி வாய்மூடியவரை உருவாக்க வல்லது. ஃபிராங்க் குறிப்பிடும் குழப்பக் கதை இம்மௌனத்துள் மறைந்திருக்கிறது.

ஆகவே, மலேசியத் தமிழரிடையே நோய் அனுபவங்களைத் தொகுக்க முனையும் ஆய்வாளர் ‘எவ்வாறு வென்றீர்கள்?’ எனக் கேட்பதைத் தவிர்த்தல் வேண்டும். என்ன நேர்ந்துகொண்டார்கள், யாரிடம் சொன்னார்கள், ஒரு காணிக்கைக்கும் அடுத்த காணிக்கைக்கும் இடைப்பட்ட மாதங்கள் எவ்வாறு கழிந்தன என வினவுதலே பொருத்தமாகும். அம்மாதங்களைப் பற்றிய பேச்சே சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வின் உண்மையான பதிவாக அமையும்.