ஆட்டத்தைத் தீர்மானிக்கும் 25 விநாடி

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் கணினி வியூக ஆட்டம் வெளிவந்தது 1999இல். அதைப் படைத்த டாலஸ் நகரின் என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009இல் மூடப்பட்டது. ஆட்டமோ அசரவில்லை. 2013இல் எச்.டி. பதிப்பு, 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்துக்கொண்டு, 2022இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள் ரெட் புல் வோலோலோ போட்டியாகவும் அரங்கேறியது.

இளமைக்கால நினைவுதான் ரசிகர்களைப் பிடித்துவைத்திருக்கிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நினைவு ஒருவரை ஒரு மாலை விளையாட வைக்கும். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்க வைக்காது. நார்வேயின் தி வைப்பர், கனடாவின் ஹீரா போன்ற முன்னணி ஆட்டக்காரர்களை இங்கேயே நிறுத்திவைத்திருப்பது, இந்த ஆட்டத்தை யாராலும் குறையின்றி ஆடிவிட முடியாது என்பதே.

வழக்கமான தொடக்கத்தில் இரு தரப்புக்கும் மூன்று வில்லேஜர்கள் (வேலையாட்கள்), ஒரு ஸ்கவுட் (வேவு வீரர்). ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. அவர்களை உருவாக்கும் டவுன் சென்டர் சற்றே சும்மா இருந்தாலும் அந்த இழப்பு வட்டியோடு வளரும். மூன்றாம் யுகமான காசில் ஏஜுக்குப் போக 800 உணவும் 200 தங்கமும் வேண்டும். அதற்காகவே சேர்த்தால் எதிரியின் வில்லாளர்கள் வாசலில் நிற்பார்கள். படைக்கே கொட்டினால் அவன் முந்திக்கொள்வான். இந்த இழுபறியை ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாகத்தான் தீர்க்க வேண்டும். ஏனென்றால் அரேபியா என்னும் ஆட்ட வரைபடம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறது. தங்கம் வீட்டின் பின்புறம் கிடைத்தால் நிம்மதி. எதிரியை நோக்கி முன்னால் கிடந்தால் திட்டமே மாறும். டாஸ் போடும்வரை ஆடுகளத்தைக் காட்டாத கிரிக்கெட் போல!

எனக்கு மிகப் பிடித்தது அம்புகளின் கணக்கு. பல்கலைக்கழகத்தில் பாலிஸ்டிக்ஸ் ஆய்வை முடிக்கும்வரை, அம்பு இலக்கு நின்ற இடத்துக்குத்தான் பாயும். இலக்கு நகரும் திசையைக் கணிக்காது. அதனால் கைதேர்ந்தவர்கள் தங்கள் வில்லாளர்களை இடமும் வலமுமாக ஆட்டி, எதிரியின் ஒரு சரமாரியையே வெறும் மண்ணில் விழச் செய்வார்கள். அதே நேரத்தில் ஊரில் பண்ணைகள் எழும்ப வேண்டும், டவுன் சென்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போதாததற்கு, மேட்டில் நிற்பவரின் அடி 25 சதவீதம் கூடுதல். இத்தனையையும் ஒருவர் ஒரே மூச்சில் கவனிப்பதைப் பார்க்கும்போது மெய்சிலிர்க்கிறது.

தொடக்கத்தில் 13 நாகரிகங்கள். இன்று நாற்பதுக்கு மேல். 2022இல் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவாக்கம் திராவிடர்களைக் கொண்டுவந்தது. அதில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பே ஆடக்கூடிய ஒரு தொடர் கதை. உறுமி வீரனும் திரிசடைக் கப்பலும் திராவிடர்களின் தனிச்சிறப்புகள். ஆனால் நைட் குதிரைப்படை கிடையாது. போர்க்குதிரைகளைக் கடல் வழியாக இறக்குமதி செய்த தென்னாட்டுக்கு இது பொருத்தமான கட்டுப்பாடுதான். திறந்தவெளி அரேபியாவில் அது பெரிய சோதனையும்கூட. ஈடாக, ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் திராவிடர்களுக்கு 200 மரம் இனாமாகக் கிடைக்கிறது. வில்லாளர் கூடத்துக்கு 175 மரம் போதும். ஆகவே இரண்டாம் யுகமான ஃப்யூடல் ஏஜைத் தொட்ட கையோடு கூடத்தை எழுப்பி, எதிரி நைட்டுகளை இறக்குவதற்குள் அவன் வில்லேஜர்களைக் குறைத்தாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்ட திராவிட ஆட்டக்காரர், அதன்பின் ஈட்டிக்காரர்களையும் யானைகளையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டியிருக்கும்.