நாலு கார்டும் ஒற்றை லேனும்

பொகவந்தலாவையிலோ நோர்வூட்டிலோ ஒருவர் தமிழ் தெரிந்த மொழி மாதிரியொன்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க நினைத்தால், கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற வழி இதுதான்: மைனிங்குக்கு ஓடிய பழைய கிராபிக்ஸ் கார்ட் நாலு வாங்கி, மைனிங் மதர்போட்டின் ஒற்றை லேன் ஸ்லொட்டுகளில் ரைசர் என்ற நீட்டிப்புப் பலகை வைத்து மாட்டுவது. இந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அதே வருடம்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி, புதுச் சாமான் எதுவும் எட்டாத விலைக்குப் போனது. ஆனால் கார்டின் விலையை விசாரிக்கிற அளவுக்கு, கார்டுக்கும் போட்டுக்கும் இடையே தரவு போகிற பாதையான லேனை யாரும் விசாரிப்பதில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் ஒரு லேன் செக்கனுக்கு 500 எம்பி கடத்தும். மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 1 ஜிபி. முழு ஸ்லொட்டில் 16 லேன். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு உள்ளேயோ நினைவகம் 360 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. ஃபக்டரியில் எத்தனை ரோலர் சுற்றினாலும், மடுவத்திலிருந்து கொழுந்து வருகிற பாதை ஒற்றையடிப் பாதையாக இருக்கிற கதைதான். மைனிங்குக்கு இது தெரியவே இல்லை. அதற்கு வேண்டிய பல ஜிபி அட்டவணை கார்டுக்குள்ளேயே உருவாகி அங்கேயே கிடக்கும். வெளியே போய் வருவது சில பைட்டுகள். எச்110 சிப்செட் போட்டில் 13 ஸ்லொட் வைத்து விற்றது அந்த வேலைக்காக.

மொழி மாதிரியை ஓட்டும்போது என்ன ஆகிறது? லாமா 2 வரிசையின் 70பி மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினால், 12 ஜிபி கார்ட் நாலில் அடங்கும். அதன் 80 அடுக்கையும் கார்டுக்கு 20ஆகப் பிரித்து வைத்தால், ஒரு சொல்துண்டு பிறக்கும்போது கார்டிலிருந்து கார்டுக்குக் கடப்பது 16 கேபி மட்டுமே. ஒற்றை லேனில்கூட அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு சொல்துண்டுக்காக நாலு கார்டும் தம் நினைவகத்தை வாசித்து முடிக்கப் பத்தில் ஒரு செக்கன் ஆகிறபோது, லேன் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே "ரைசரில் மாட்டினால் வேகம் போச்சு" என்று எல்லாவற்றுக்கும் சொல்வது தவறு. தனியாள் ஒருவர் கேள்வி கேட்டுப் பதில் வாங்க இந்த அமைப்பு தாராளமாகப் போதும்.

அதே அமைப்பில் ஒவ்வொரு அடுக்கையும் நாலாக வெட்டிப் பங்கிட்டால் கதை மாறுகிறது. அடுக்குக்கு இருமுறை வீதம் ஒரு சொல்துண்டுக்கு 160 தடவை கார்டுகள் தமக்குள் கணக்கு ஒப்பிட வேண்டும்; ஒவ்வொரு தடவையும் காத்திருப்பு.

பயிற்சி இன்னும் மோசம். நூறு கோடி அளவுருக்கள் உள்ள சிறிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். 16 பிட்டில் அதன் திருத்தக் கணக்கு 2 ஜிபி. நாலு கார்டும் அதை வட்டமாகப் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொன்றும் படிக்குப் படி சுமார் 3 ஜிபி அனுப்பியாக வேண்டும். 16 லேனில், மூன்றாம் தலைமுறையில், அது 0.2 செக்கன். எச்110இன் இரண்டாம் தலைமுறை ஒற்றை லேனில் 6 செக்கன். அத்தனை நேரமும் நாலு கார்டும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும். எல்லா ரைசரும் சிப்செட் வழியாக, செக்கனுக்கு 2 ஜிபி தாண்டாத ஒரே இணைப்பில் ப்ரோசசரைப் போய்ச் சேர்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லோரா முறையில் சின்னத் துணை அணிகளை மட்டும் பயிற்றினால் பாரம் வெகுவாகக் குறையும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. பெரிய இடங்களுக்கு 16 லேனே போதவில்லை: பூனேயில் இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் 2020இல் அமைத்த பரம் சித்தி-ஏஐ சுப்பர் கம்பியூட்டர், கார்டுகளை என்விலிங்க் மூலம் இணைக்கும் டிஜிஎக்ஸ் ஏ100 பெட்டிகளால் ஆனது.

லேன்தான் வேண்டுமென்றால், புது டெஸ்க்டொப் போட்டைவிடக் கழித்த சேர்வர் போட் மேல் என்பது என் கணிப்பு. சாதாரண ஏஎம்4 ப்ரோசசர் கார்டுக்கென்று ஒதுக்குவது 16 லேன். இரண்டாவது நீள ஸ்லொட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. பல போட்டில் அதற்குள் ஓடுவது நாலு லேன்தான். பழைய சீயோன் ஈ5 வரிசையோ ஒவ்வொரு ப்ரோசசருக்கும் 40 லேன் தருகிறது. இரண்டு ப்ரோசசர் போட்டில் கார்டுகளை ஒரே ப்ரோசசரின் ஸ்லொட்டுகளில் போடாவிட்டால் பாதி ஆதாயம் நடுவிலேயே கரைந்துவிடும். கரண்ட் பில்லையும் கணக்கில் எடுக்க வேண்டும். கெசல்கமு ஓயாத் தண்ணீர் காசல்றி நீர்த்தேக்கம் வழியே மின்சாரமாகிற பள்ளத்தாக்கில் இருக்கிறோம் என்பதால் பில்லில் சலுகை இல்லை.

வேகத்தைவிட அவசரமான குறை ஒன்று ரைசரிலேயே இருக்கிறது. மலிவான ரைசர்கள் சாட்டா வயரில் கரண்ட் எடுக்கின்றன. அந்தக் கொனெக்டரின் 12 வோல்ட் முனைகள் தாங்குவது 54 வொட். கார்ட் ஸ்லொட்டிலிருந்து 75 வொட் வரை இழுக்கலாம். உருகிய பிளாஸ்டிக் வாசம் வந்த பிறகு லேனைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வாங்கிய பின் லேனைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது கார்ட், மின்சாரம் மிச்சம் பிடிக்க, முதலாம் தலைமுறை வேகத்துக்கு இறங்கி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு போட் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்; வேலை கொடுத்து, ஓடுகிற வேளையில் பாருங்கள். லேன் எண்ணிக்கை அப்போதும் குறைவாகக் காட்டினால்தான் ரைசரையோ ஸ்லொட்டையோ சந்தேகிக்க வேண்டும்.