மின்புலத்தால் நுண்துகள் பிரிப்பு: ‘உள்ளார்ந்த இயல்பு’ என்னும் கருத்து – ஒரு திறனாய்வு

மின்னூட்டமற்ற துகளும் நீர்மத்தினுள் சீரற்ற மின்புலத்தால் நகரும். அந்நகர்வுக்கு ‘டைஎலக்ட்ரோஃபோரெசிஸ்’ என 1951இல் பெயரிட்டவர் ஹெர்பர்ட் போல். மின்புலம் துகளை முனைவாக்குகிறது. துகளின் இரு பக்கங்களிலும் புலச்செறிவு வேறுபடுவதால் நிகர விசை பிறக்கிறது. 1966இல் போல், ஹாக் இருவரும் உயிருள்ள ஈஸ்ட் செல்களை இறந்தவற்றினின்று இம்முறையால் பிரித்துக் காட்டினர். சாயமோ அடையாளப் பொருளோ இன்றி, செல்லின் உள்ளார்ந்த இயல்பைக் கொண்டே வகைப்படுத்துவது இம்முறையின் சிறப்பாகக் கூறப்படுகிறது. அக்கூற்று முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விசையின் திசையைத் தீர்மானிப்பது கிளாசியஸ்–மொசோட்டி காரணி. துகளின் மின்பண்புகளை ஊடகத்தின் மின்பண்புகளோடு ஒப்பிட்டுப் பெறப்படும் இக்காரணியின் மெய்ப்பகுதி, கோளத் துகளுக்கு −0.5 முதல் 1 வரை அமையும். நேர்க்குறியாயின் துகள் புலம் செறிந்த இடத்தை நாடும். எதிர்க்குறியாயின் அதனின்று விலகும். அதிர்வெண் மாறக் குறியும் மாறக்கூடும். ஆகவே இங்கு வெளிப்படுவது துகளின் தனி இயல்பன்று. துகள், ஊடகம், அதிர்வெண் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லளவினதன்று. உயிருள்ள செல்லின் சவ்வு அயனிகளை உள்ளே காக்கிறது. செல் இறந்தபின் அவை கசிகின்றன. மின்கடத்துதிறன் குறைந்த நீர்மத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். உப்பு மிகுந்த இரத்தப் பிளாஸ்மாவிலோ உயிருள்ள செல்லும் பெரும்பாலான அதிர்வெண்களில் விலக்கப்படும்; மின்னோட்டத்தால் நீர்மமும் சூடேறும். எனவே செல்களைச் சர்க்கரைக் கரைசலுக்கு மாற்றுவது வழக்கமாயிற்று. அக்கரைசலில் நேரம் செல்லச் செல்லச் செல்லின் அயனிகள் வெளியேறக்கூடும். அளக்கப்புகுந்த பண்பை அளவீட்டுக்கான ஆயத்தமே மாற்றிவிடுகிறது.

துகளின் பருமனும் முடிவில் குறுக்கிடுகிறது. விசை ஆரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆரம் பாதியானால் விசை எட்டில் ஒரு பங்காகும். நுண்மின்வாய்கள் சில வோல்ட் மின்னழுத்தத்திலேயே வலிய புலத்தை உண்டாக்கி விசைக் குறைவை ஈடுசெய்தன. ஆனால் பருமனால் வந்த வேறுபாட்டையும் மின்பண்பால் வந்த வேறுபாட்டையும் அவை தாமாகப் பிரித்துக் காட்டுவதில்லை.

இரத்தத்தில் அரிதாகத் திரியும் புற்றுநோய்ச் செல்களைத் தேட இம்முறை பயன்படும்போது, தவறவிட்ட ஒரு செல்லும் நோயறிதலைப் பாதிக்கலாம். எனவே ஊடகத்தின் கடத்துதிறன், அதிர்வெண், கரைசலில் செல்கள் இருந்த நேரம், அவற்றின் பருமப் பரவல் ஆகியன கூறப்படாத பிரிப்பு முடிவை முழுமையான சான்றாகக் கொள்ளல் இயலாது. இம்முறையின் ஆற்றல் ஐயத்துக்குரியதன்று. அவ்வாற்றல் எச்சூழலில் செயற்பட்டது என்பதைச் சொல்லாது விடுதலே குறை.