செவிமடுத்த கிழவி

திருவண்ணாமலையில், தேரடி வீதியில் ஒரு திண்ணை. கிழவி பேரனை அதட்டுகிறாள்: "ஏண்டா, என் சொல்லுக்குச் செவிமடுக்க மாட்டாயா?"

இப்படி எழுதியவன் நான்தான். ஓர் இங்கிலீஷ் நாவலில் பாட்டி ஒருத்தி 'ஹார்க்கன்' என்று பேசியதைப் படித்த மயக்கம். பழைய சொல்லுக்குப் பழைய சொல்லைப் போட்டுவிட்டேன் என்று பெருமை வேறு. அந்த ஊர் வாசகர் ஒருவர் கார்டு போட்டார்: "எங்கள் தெருவில் எந்தக் கிழவியும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை, ஐயா."

கோபம் வந்தது. அகராதியை எடுத்தேன், கோபம் போய்விட்டது.

ஹார்க்கன் என்றால் காதில் விழுவது மட்டுமல்ல. மனத்தில் வாங்கி அதன்படி நடப்பதும் அதில் உண்டு. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் சவுல் ராஜாவின் கதையைப் பாருங்கள். அமலேக்கியரின் ஆடுமாடுகளைக்கூட விட்டுவைக்காதே என்ற கட்டளை அவன் காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனாலும் கொழுத்தவை தப்பின, கேட்டால், பலியிடுவதற்காம்! சாமுவேல் அவனைக் கண்டிக்கும் இடத்தில் கீழ்ப்படிதலுக்கு ஜோடியாக நிற்பது இந்தச் சொல்தான். தமிழ் பைபிளில் 'செவிகொடுத்தல்' என்று போட்டார்கள். தீர்க்கதரிசியின் வாய்க்கு அது பொருந்துகிறது. திண்ணைக்குப் பொருந்தாது.

திண்ணைக்கு உரியது 'கேள்'. ஓசையைக் கேட்பதும், சொன்னபடி கேட்பதும், வினாக் கேட்பதும் அந்த ஒரே சொல். வள்ளுவர் கேள்வி என்று அதிகாரம் வகுத்தது காதால் பெறும் அறிவுக்கு; இன்று பிள்ளைகளுக்குக் கேள்வி என்றால் பரீட்சைத்தாள். இரண்டும் ஒரு வேர்.

அதே ஊரில், 1902-இல், சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாக்ஷ குகைக்குப் போய் ரமணரிடம் சந்தேகங்கள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. விடைகளை எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்ற சிறு நூல் பிறந்தது அப்படித்தான். பிள்ளை கேட்டார், பதிலையும் கேட்டுக்கொண்டார் என்று தாராளமாகச் சொல்லலாம். செவிமடுத்தார் என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஹார்க்கன் இங்கிலீஷ்காரர் வாயிலிருந்து போய்விட்டது. நம்முடைய 'கேள்' அவ்வளவு பழசாகியும் கிழவி வாயில் தினமும் புழங்குகிறது. புழங்குவதாலேயே அது என் கண்ணுக்குப் பழசாகத் தெரியவில்லை. இது மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கும் உள்ள கோளாறு.

அடுத்த பதிப்பில், "சொன்னால் கேட்கமாட்டாயா?" என்று திருத்தி, அந்த வாசகருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். மறுபடியும் கார்டு வந்தது: "தேவலை. ஆனால் எங்கள் கிழவி 'கேக்க மாட்டியா' என்பாள்."