கோட்டைத் துறந்த வண்ணம்

துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். அன்று துறையூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாமே திருச்சி மாவட்டம். பச்சைமலைக்கு இந்தப் பக்கம் பெரம்பலூர்க்காரர்களான நாம், அந்தப் பக்கம் அவர். நம் மண்ணின் ஓவியர் என்று பெருமை பேசுகிறோம். அவருடைய அரூப ஓவியங்களை நின்று பார்த்து எடைபோட்டவர்கள் குறைவு.

அவர் கை முதலில் பழகியது கறுப்பும் வெள்ளையும். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை வரைந்த கோட்டோவியங்களில், கோடுகள் நெருங்கும் இடம் இருள்கிறது. விலகும் இடத்தில் எலும்பு துருத்துகிறது. வெள்ளையை அவர் தீட்டவில்லை, காகிதத்தை விட்டுவைத்தார். அந்த வெறுமைதான் கறுப்புக்கு அத்தனை வலுவைத் தந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல்காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர் வரைந்தபோது அந்தக் கோடு வார இதழ் வாசகர்களின் வீட்டுக்குள்ளும் வந்தது.

சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் வளர்த்தெடுத்த ஓவியர்களுக்குக் கோடுதான் மூச்சு. அவர்களில் ஒருவரான ஆதிமூலம், கோட்டால் பெயர் பெற்ற பிறகு, வண்ணப் படத்தில் அதை அறவே விட்டார். பெரிய துணிச்சல் இது. எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாக அப்பி இழுத்தார். ஒரே நிறக் குடும்பம் பரப்பை நிறைக்க, நடுவிலோ ஓரத்திலோ மாற்று நிறம் சிறு திட்டுகளாகக் கிளம்பும். நீலத்துக்குள் ஒரு காவி விழுந்ததும் நீலம் பின்வாங்கி ஆழமாகிறது. உருவம் எதுவும் இல்லாமலே தூரத்தை உணர்த்திவிடுகிறார். நிறத்தின் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் இவ்வளவு நுட்பமாக எடைபோட்ட கை தமிழகத்தில் அபூர்வம்.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. காகிதத்தில் விட்டுவைக்கத் தெரிந்தவர், கித்தானில் ஓர் அங்குலத்தையும் சும்மா விடவில்லை. விளிம்புகள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. மோத வேண்டிய நிறங்கள் சமாதானமாகிவிடுகின்றன. பல படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது அமைப்பு ஒன்றே என்றும், நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்றும் தோன்றுகிறது. வண்ணத்தை இதேபோல் தடிமனாக அப்பிய பிரான்ஸ் ஓவியர் நிக்கோலா த ஸ்தாயெலிடம் பாளமும் பாளமும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டல் இங்கே அரிது.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் மழை அறுத்த மண்மேடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். துருச் சிவப்பை ஒட்டியே சாம்பல் வெளுப்பு, சற்றுத் தள்ளிக் கரிசல். நிறங்கள் அங்கே வெட்டென மாறும். ஆதிமூலம் நிலக்காட்சி வரைய வந்தவர் அல்லர். ஆனாலும் பார்ப்பவர் மனத்தில் நிலத்தை எழுப்பும் ஓவியம், நிலத்தின் கடுமையைத் தவிர்த்துவிட்டு அதன் அழகை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு ஏமாற்றமே. கரும்பழுப்பு ஒன்று இணங்க மறுத்துக் குறுக்கே கிடக்கும் படங்கள் சில உண்டு. அவையே அவருடைய கோட்டோவியங்களுக்கு நிகர் என்பேன்.

இந்தத் தீர்ப்பையும் அசலின் முன் நின்றுதான் சோதிக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் இவற்றைப் பெரும்பாலும் அச்சிலும் கைபேசியிலும் பார்க்கிறார்கள். அங்கே வண்ணத்தின் தடிப்பும் அதன்மேல் விழும் வெளிச்சமும் போய்விடுகின்றன. மிஞ்சுவது இனிமை மட்டும்.